ஹௌட்டனில் வாடகை வீடு: நெதர்லாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெதர்லாந்தில் வேலை கிடைத்து வருபவர்களில் பலர், ஆம்ஸ்டர்டாமிலும் உட்ரெக்டிலும் வீடு தேடிச் சலித்த பிறகே, ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடத் தொலைவில் இருக்கும் சிற்றூர்களின் பக்கம் திரும்புகிறார்கள். தேடலைச் சிற்றூரிலிருந்தே தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அங்கு விளம்பரத்துக்கு வரும் வீடுகள் குறைவு என்றாலும், அதே வாடகைக்குக் கூடுதல் இடமும், சில வேளைகளில் ஒரு சிறு தோட்டமும் கிடைக்க வாய்ப்புண்டு. இந்தக் கட்டுரை உட்ரெக்டுக்குத் தெற்கே உள்ள ஹௌட்டனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வாடகைச் சட்டங்கள் நாடு முழுவதற்கும் பொதுவானவை என்பதால், வூர்டன், கூலெம்போர்க், புன்னிக் போன்ற ஊர்களில் தேடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஊரையும் ரயில் பாதையையும் அறிதல்

ஹௌட்டன் 1970களில் வளர்ச்சி நகரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சைக்கிளை மையமாக வைத்துத் திட்டமிடப்பட்ட ஊர். ஊரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை ஓடுகிறது. காரில் ஒரு குடியிருப்புப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பொதுவாக அந்த வட்டச் சாலைக்கு வெளியேறித்தான் மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளில் போனால் ஊரின் நடுவழியாகவே நேராகப் போய்விடலாம். ஆகவே வரைபடத்தில் பார்க்கும் தூரத்தை வைத்து ஒரு வீட்டை மதிப்பிடாமல், அங்கிருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் எத்தனை நிமிடம் ஆகும் என்று பார்க்க வேண்டும்.

ஊரில் ஹௌட்டன், ஹௌட்டன் காஸ்டெல்லம் என்று இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ஹௌட்டன் நிலையம் கடைவீதி அமைந்த மையப் பகுதிக்கு அருகிலும், காஸ்டெல்லம் 1990களின் இறுதியிலிருந்து எழுந்த தெற்குப் பகுதியிலும் இருக்கின்றன. இரண்டிலும் ஸ்பிரிண்டர் எனப்படும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்களே நிற்கும். உட்ரெக்ட் மத்திய நிலையத்துக்கு ஏறத்தாழ பத்து நிமிடப் பயணம். ஆம்ஸ்டர்டாமில் வேலை என்றால் உட்ரெக்டில் வண்டி மாற வேண்டும் என்பதையும், காலை நெரிசலில் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் போகும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஹௌட்டன் நிலையத்தில் தண்டவாளத்துக்கு நேர் கீழேயே பெரிய சைக்கிள் நிறுத்துமிடம் இருப்பதால், வீடு நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பது பெரிய குறையாகாது. தேடும்போது ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த ரயில் பாதை முழுவதையும் எல்லையாக வைத்துக்கொண்டால், அடுத்த நிலையமான கூலெம்போர்க்கும் உங்கள் பட்டியலில் சேரும்.

மூன்று வகை வாடகை

நெதர்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும், அதன் பரப்பளவு, வசதிகள் போன்றவற்றை வைத்துப் போடப்படும் அரசின் புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. 143 புள்ளி வரை பெறும் வீடு சமூக வாடகை வகையிலும், 144 முதல் 186 வரை நடுத்தர வாடகை வகையிலும், 187 முதல், தொடக்க வாடகைக்கு அரசு உச்சம் வைக்காத கட்டற்ற சந்தையிலும் சேரும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் சமூக வாடகையின் உச்சம் மாதம் 900.07 யூரோ, நடுத்தர வகையின் உச்சம் 1,184.82 யூரோ. இந்த எல்லைகள் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறும்.

சமூக வாடகை வீடுகளை வீட்டுவசதிக் கழகங்கள், வோனிங்நெட் என்னும் பதிவுத் தளத்தின் வழியாகவே பெரும்பாலும் ஒதுக்குகின்றன. உட்ரெக்ட் வட்டாரத்தில் அதற்கான காத்திருப்பு பத்து ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. ஆகவே புதிதாக வருபவர் இன்றைய தேவைக்கு அதை நம்ப முடியாது. ஆனாலும் வந்தவுடன் பதிவு செய்துவிடுங்கள், ஏனெனில் காத்திருப்பு ஆண்டுகள் பதிவு செய்த நாளிலிருந்துதான் சேரத் தொடங்குகின்றன. நடைமுறையில் உங்கள் தேடல் நடுத்தர வகையிலும் கட்டற்ற சந்தையிலும்தான் நடக்கும். நடுத்தர வகை வீடுகளில் குடியேறச் சில நகராட்சிகள் தங்களிடம் தனி அனுமதி பெறச் சொல்வதுண்டு என்பதால், விளம்பரத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் நகராட்சியின் இணையதளத்தில் வருமான வரம்பைச் சரிபார்த்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

வீடு பார்க்கும் முன்பே ஆவணக் கோப்பு

ஒரு நல்ல வீடு விளம்பரத்துக்கு வந்த ஓரிரு நாளிலேயே பார்வையிடும் இடங்கள் நிரம்பிவிடும். பார்த்த அன்றே ஆவணங்களை அனுப்பக்கூடியவருக்கே வாய்ப்பு அதிகம் என்பதால், கோப்பை முன்னதாகவே தயார் செய்து வைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அனுமதி அட்டையின் நகல், பணி ஒப்பந்தம், வேலை தரும் நிறுவனம் சம்பளத்தையும் பணியின் தன்மையையும் உறுதிசெய்து கையெழுத்திட்ட சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வரவு வைக்கப்பட்டதைக் காட்டும் வங்கி அறிக்கை ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. இப்போதுதான் வேலையில் சேர்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அந்த இடத்தை நிறுவனத்தின் சான்று நிரப்பும் என்பதால், பயணத்துக்கு முன்பே மனிதவளத் துறையிடம் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் மாத வாடகையைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு மொத்தச் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலையில் இருந்தால் இரண்டாவது வருமானத்தை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். நேரடியாகக் கேட்டுவிடுவதே நல்லது.

அடையாள ஆவணத்தின் நகலை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். பிஎஸ்என் எனப்படும் குடிமக்கள் சேவை எண்ணைக் கேட்டுப் பெற வீட்டு உரிமையாளருக்கோ தரகருக்கோ உரிமை இல்லை. அரசே வெளியிட்டுள்ள கோப்பிஐடி என்ற செயலியில் அந்த எண்ணை மறைத்து, இன்ன வீட்டுக்காக இன்ன நாளில் கொடுத்த நகல் என்று அதன் மேலேயே எழுதி அனுப்பலாம். கோப்போடு, குடும்பத்தில் எத்தனை பேர், எங்கே வேலை, எப்போதிலிருந்து வீடு வேண்டும், எவ்வளவு காலம் தங்க எண்ணம் என்பவற்றைச் சொல்லும் ஒரு பக்க அறிமுகக் கடிதத்தையும் சேருங்கள்.

தேடுவதும் பார்வையிடுவதும்

பராரியஸ், ஃபுண்டா ஆகிய தளங்களில் ஊரின் பெயரையும் சுற்றளவையும் கொடுத்து, புதிய விளம்பரம் வந்தவுடன் தகவல் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அத்துடன் உட்ரெக்ட் வட்டாரத்து வாடகைத் தரகர்களின் சொந்த இணையதளங்களிலும் பெயரைப் பதிந்து வைப்பது பயன் தரும், ஏனெனில் சிற்றூர் வீடுகள் சில பெரிய தளங்களை எட்டும் முன்பே கைமாறிவிடுகின்றன.

விளம்பரத்தில் மூன்று நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். 'கால்' என்ற டச்சுச் சொல்லுக்கு வெறும் வீடு என்று பொருள்: தரைவிரிப்போ மரத்தரையோ இல்லாமல், திரைச்சீலையும் விளக்கும் இல்லாமல், வெறும் சிமெண்டுத் தரையோடுகூட ஒப்படைக்கப்படலாம். 'கெஸ்டொஃபேர்ட்' என்றால் தரையும் திரையும் உண்டு, பெரும்பாலும் சமையலறைச் சாதனங்களும் இருக்கும். 'கெமெபிலேர்ட்' என்றால் கட்டில் நாற்காலி உட்பட எல்லாம் உண்டு. இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கும் குடும்பத்துக்கு வெறும் வீடு மலிவாகத் தோன்றினாலும், முழு வீட்டுக்கும் தரை போடும் செலவைக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் தாம் போட்ட தரையையும் திரையையும் நியாயமான விலைக்கு உங்களிடம் விற்க முன்வந்தால் அது வழக்கமான ஏற்பாடுதான். பொருள் எதுவும் கைமாறாமல் சாவிக்காக மட்டும் பணம் கேட்பது சட்டவிரோதம்.

பார்வையிடும்போது ஆற்றல் தரச் சான்றைக் கேளுங்கள். தரம் தாழ்ந்த வீட்டில் குளிர்காலச் சூட்டுச் செலவு வாடகைக்கு அடுத்த பெரிய சுமையாகிவிடும். குளியலறை மூலைகளிலும் படுக்கையறையின் வெளிச்சுவரிலும் பூஞ்சைக் கறை இருக்கிறதா, கண்ணாடி இரட்டை அடுக்கா, சைக்கிள் வைக்கப் பூட்டக்கூடிய கொட்டில் உண்டா என்று பாருங்கள். தாளித்துச் சமைக்கும் வீட்டுக்குச் சமையலறைக் காற்றோட்டம் முக்கியம். பல அடுக்ககங்களில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான காற்றோட்ட அமைப்பு இருக்கும். அதன் குழாயோடு மோட்டார் வைத்த புகைபோக்கியை இணைப்பது அனுமதிக்கப்படுவதில்லை. கரி வடிகட்டி வைத்த வகையை மட்டுமே பொருத்த முடியும் என்பதால், குடியேறிய பிறகு வருந்தாமல் பார்க்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் அனுப்பும் முன்

வீடு கிடைக்காத பதற்றத்தில் இருப்பவர்களையே மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ வீட்டுக்குள் நுழைந்து பார்க்காமல், கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இல்லாமல், ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால், கடாஸ்டர் என்னும் நிலப்பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் சில யூரோ கட்டணத்துக்கு அந்த முகவரியின் உரிமையாளர் யார் என்று பார்க்கலாம். நெதர்லாந்து வங்கிகளில் பணம் அனுப்பும்போது, நீங்கள் தட்டச்சு செய்த பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கியே காட்டும். பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

முகவரிப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லும் வீடும் விலக்க வேண்டியதே. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுபவராகவோ வருமானத்தை மறைப்பவராகவோ இருப்பார். பதிவு இல்லாமல் உங்களுக்கு இந்த நாட்டில் எதுவும் நகராது.

தரகுக் கட்டணத்திலும் கவனம் வேண்டும். உரிமையாளருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடமும் தரகுக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஒப்பந்தக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று வேறு பெயரில் கேட்டாலும் அது அதே கட்டணம்தான். உங்களுக்காக மட்டும் தேடித் தரும்படி நீங்களே அமர்த்தும் தரகருக்குக் கொடுப்பது வேறு.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தல்

2024 ஜூலை 1 முதல் காலவரையற்ற ஒப்பந்தமே பொது விதியாகிவிட்டது. மாணவர் போன்ற சில குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே குறித்த கால ஒப்பந்தம் போட முடியும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்ற ஒரே காரணத்தைக் காட்டி, ஓராண்டு முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று எழுதினால் அது செல்லாது. உரிமையாளர் சில காலம் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுத் தம் சொந்த வீட்டுக்கே திரும்பி வருவார் என்ற நிபந்தனையோடு விடப்படும் வீடு இதற்கு விலக்கு. ராஜதந்திரப் பிரிவு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டை எடுப்பதானால், திரும்பும் காலம் எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதைக் கூர்ந்து படியுங்கள். குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இந்த வகை வீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. காலவரையற்ற ஒப்பந்தத்திலும் முதல் பன்னிரண்டு மாதம் இரு தரப்பும் விலகக் கூடாது என்று எழுதியிருக்கலாம். வேலை மாறக்கூடும் என்ற எண்ணம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அதைப் பேசிக்கொள்ளுங்கள்.

2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த நல்ல வாடகை நடத்தைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. குடியிருப்பவரின் உரிமைகளையும் கடமைகளையும் உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இனம், நாடு, மதம் பார்த்து ஒதுக்கக் கூடாது. இவை மீறப்பட்டால் புகார் செய்ய ஒவ்வொரு நகராட்சியிலும் தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்.

அடிப்படை வாடகையும் சேவைக் கட்டணமும் ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதியிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் ஆண்டு உயர்வும் முன்பணமும் புள்ளிக் கணக்கும் அடிப்படை வாடகையை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. சேவைக் கட்டணம் என்பது படிக்கட்டைச் சுத்தம் செய்தல், பொது விளக்கு, அறைகலன் பயன்பாடு போன்றவற்றுக்கு உண்மையில் ஆகும் செலவு. அதன் கணக்கை உரிமையாளர் அடுத்த ஆண்டு ஜூலை 1க்கு முன் உங்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்த்த முடியும், அதற்கும் அரசு உச்ச வரம்பு வைக்கிறது. 2025இல் கட்டற்ற சந்தை வீடுகளுக்கு அது 4.1 விழுக்காடு.

புள்ளிக் கணக்கைச் சரிபார்த்தல்

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் அறியாமல் விட்டுவிடும் உரிமை இதுதான், இதில் மாதம் நூற்றுக்கணக்கான யூரோ அடங்கியிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், 186 புள்ளி வரை பெறும் வீடுகளுக்குப் புள்ளிக்கு உரிய வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம். 2025 ஜனவரி முதல் செய்யப்படும் புதிய ஒப்பந்தங்களோடு புள்ளிக் கணக்குத் தாளையும் உரிமையாளர் இணைக்க வேண்டும். தராவிட்டால் கேளுங்கள், கேட்பது தவறான நடத்தையாக இங்கே கருதப்படுவதில்லை.

கணக்கை நீங்களும் போடலாம். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை போன்ற அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி, பொருள் வைக்கும் அறை போன்ற மற்ற இடங்களுக்கு 0.75 புள்ளி. அதோடு ஆற்றல் தரம், சமையலறை மேடையின் நீளம், குளியலறை வசதிகள், தோட்டம் அல்லது பால்கனி, நகராட்சி நிர்ணயித்த வீட்டு மதிப்பு ஆகியவற்றுக்கும் புள்ளி சேரும். வீட்டு மதிப்பை அரசின் பொது இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வாடகைத் தீர்ப்பாயமான ஹூர்கொமிஸீயின் இணையதளத்தில் இவற்றையெல்லாம் நிரப்பினால் மொத்தப் புள்ளியும் உச்ச வாடகையும் வந்துவிடும்.

கணக்குப்படி வாடகை அதிகம் என்று தெரிந்தால், கட்டற்ற சந்தை வீடு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட வீட்டுக்கு, ஒப்பந்தம் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். மனுவுக்கு 25 யூரோ கட்டணம். உங்கள் பக்கம் தீர்ப்பானால் அதுவும் திரும்பி வரும். தீர்ப்பாயத்துக்குப் போனதற்காக உங்களை வெளியேற்ற உரிமையாளரால் முடியாது. குடியிருப்பவர் இந்த நாட்டில் அவ்வளவு வலுவாகப் பாதுகாக்கப்படுகிறார் என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை. முதலில் நல்ல முறையில் ஒரு கடிதம் எழுதி, கணக்கைக் காட்டி, வாடகையைத் திருத்தக் கேளுங்கள்.

சாவி வாங்கும் நாள்

வீட்டின் நிலையை இரு தரப்பும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடும் அறிக்கை அன்று தயாராக வேண்டும். ஒவ்வோர் அறையையும், ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைந்த ஓடு ஆகியவற்றையும் படம் எடுத்து, அதே நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் மீட்டர்களின் எண்களையும் படமெடுங்கள். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தண்ணீருக்கு ஹௌட்டனில் விட்டென்ஸ் நிறுவனம் மட்டுமே. வீட்டுப் பொருள் காப்பீட்டையும், பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டையும் அன்றிலிருந்தே எடுத்துவிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் நீர் கீழ் வீட்டுக்காரரின் கூரையில் இறங்கினால் இரண்டாவது காப்பீடுதான் கைகொடுக்கும்.

நகராட்சியில் பதிவு

நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர், வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். நேரம் ஒதுக்கி வாங்க வேண்டியிருப்பதால், சாவி வாங்கும் தேதி உறுதியானவுடனே இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். குடும்பத்தினர் எல்லோரும் பாஸ்போர்ட்டோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் நேரில் போக வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பிறப்புச் சான்றிலும் திருமணச் சான்றிலும் ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும், வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கி வர வேண்டும். இங்கு வந்த பிறகு அதை வாங்குவது மிகுந்த அலைச்சல். சான்று தமிழில் மட்டும் இருந்தால் உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு தேவைப்படும். ஆங்கிலமும் சேர்ந்த சான்றை வாங்கிவிட்டால் அந்தச் செலவு இல்லை. இலங்கை முதலிய பிற நாடுகளிலிருந்து வருபவர்கள், தங்கள் நாட்டு ஆவணங்களுக்கு என்ன சான்றுறுதி வேண்டும் என்பதை நெதர்லாந்து அரசின் இணையதளத்தில் நாட்டின் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பதிவு முடிந்தால் பிஎஸ்என் கிடைக்கும். சம்பளம், வங்கிக் கணக்கு, அரசுச் சேவைகளுக்கான டிஜிடி நுழைவு, நான்கு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்பீடு எல்லாம் அதைச் சார்ந்தவை.

வாடகைக்கு மேல் வரும் செலவுகள்

குப்பை அகற்றும் வரி, நீர் வாரிய வரி ஆகியவற்றை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். இந்த வட்டாரத்து நீர் வாரியத்தின் தலைமையகம் ஹௌட்டனிலேயே இருக்கிறது. சொத்து வரி உரிமையாளருடையது. சிறு பழுதுகள் உங்கள் பொறுப்பு: குழாயின் வாஷர், மின்விளக்கு, அடைப்பு, வெப்பக் குழாய்களில் காற்று வெளியேற்றுவது போன்றவை. கொதிகலன், கூரை, குழாய்த் தொடர், ஈரம் புகும் சுவர் ஆகியவை உரிமையாளர் செய்ய வேண்டியவை. பழுதை எப்போதும் எழுத்தில் தெரிவியுங்கள்.

காலி செய்யும்போது

குடியிருப்பவர் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்புங்கள். உரிமையாளருக்கோ சட்டம் ஏற்கும் காரணமும் மூன்று முதல் ஆறு மாத முன்னறிவிப்பும் தேவை. வெளியேறுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு முன் ஆய்வு கேட்டு வாங்கினால், ஆணித் துளை அடைப்பது, சுவர் நிறத்தைப் பழையபடி மாற்றுவது போன்றவற்றை நீங்களே செய்து முடித்துவிடலாம். வெறும் வீடாக எடுத்தவர், அடுத்து வருபவர் வாங்கிக்கொள்ளாவிட்டால், போட்ட தரையையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். சேதமோ பாக்கியோ இல்லையென்றால் முன்பணம் 14 நாளுக்குள்ளும், கழிவு ஏதேனும் இருந்தால் விவரமான கணக்கோடு மீதித் தொகை 30 நாளுக்குள்ளும் உங்கள் கணக்குக்கு வர வேண்டும்.